இயற்கையில் வாழும் பறவைகளின் மூப்பை டெலோமியர் கொண்டு அளப்பது எப்படி?

வலையில் சிக்கிய ஒரு சிறு பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது அந்த ஆண்டில் பொரித்ததா, முதிர்ந்ததா என்பதை இறகுகளின் நிறத்தையும் தேய்மானத்தையும் கொண்டு பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்த முதிர்ந்த பறவைக்கு 3 வயதா, 10 வயதா என்று கேட்டால், பெரும்பாலான இனங்களில் தோற்றம் எந்த விடையும் தராது. 1956இல் மிட்வே தீவில் காலில் வளையமிடப்பட்ட ‘விஸ்டம்’ என்ற பெண் லேசான் அல்பட்ராஸ், 70 வயதைக் கடந்த பின்பு 2024இன் இறுதியில் மீண்டும் ஒரு முட்டையிட்டது. அதன் வயது நமக்குத் தெரிந்திருப்பது அந்த வளையத்தால்தான். வளையம் சொல்லும் ஆண்டுக் கணக்குக்கு அப்பால், ஒரு பறவையின் உடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அதன் உயிரணுக்களிலிருந்தே படிக்க முடியுமா என்ற கேள்வியே சூழலியல் ஆய்வாளர்களை டெலோமியரிடம் கொண்டுவந்தது. இத்தகைய ஆய்வொன்றைத் தொடங்க நினைக்கும் மாணவருக்கும் களப்பணியாளருக்கும், திட்டமிடுவதிலிருந்து முடிவை எழுதுவது வரை என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

டெலோமியர் என்பது ஒவ்வொரு குரோமோசோமின் இரு நுனிகளிலும், டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான முறை அடுத்தடுத்து வரும் பகுதி. முதுகெலும்புள்ள உயிர்களில் மீன் முதல் மனிதர் வரை இதே தொடர்தான் காணப்படுகிறது. உயிரணு பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியால் நுனியின் கடைசித் துண்டை முழுமையாகப் படியெடுக்க முடிவதில்லை என்பதால் ஒவ்வொரு பிரிவிலும் நுனி சிறிது குறைகிறது. குவானின் (‘ஜி’ எழுத்து) மிகுந்த பகுதி என்பதால் ஆக்சிஜனேற்றச் சிதைவும் இதை எளிதில் தாக்குகிறது. இழந்த நீளத்தை மீட்டுத் தரும் டெலோமரேஸ் என்ற நொதியையும், நுனிகள் பாதுகாக்கப்படும் விதத்தையும் கண்டறிந்ததற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

ஒரு பறவையிடம் ஒரே ஒரு முறை எடுத்த டெலோமியர் அளவு அதன் வயதைச் சொல்லாது. இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்பதால் முதலிலேயே சொல்கிறேன். பறவைகள் பிறக்கும்போதே வெவ்வேறு நீளமுள்ள டெலோமியர்களுடன் பிறக்கின்றன. அதில் பெற்றோரிடமிருந்து வரும் மரபுப் பங்கும் உண்டு. ஒரே வயதுடைய பறவைகளுக்கு இடையே காணப்படும் இந்த வேறுபாடு, ஒரே பறவை பல ஆண்டுகளில் இழக்கும் நீளத்தைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். ஆகவே குட்டையான டெலோமியர் கொண்ட பறவை கிழப்பறவையாகவும் இருக்கலாம், குட்டையாகவே பிறந்த ஓராண்டுப் பறவையாகவும் இருக்கலாம். வயது வேண்டுமென்றால் குஞ்சுப் பருவத்திலேயே வளையமிடுவதைத் தவிர நம்பகமான வழி இன்றும் இல்லை.

அப்படியானால் டெலோமியர் எதற்கு உதவும்? ஒரே வயதுடைய இரு பறவைகளில் எது கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது, எந்த அனுபவம் அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்தியது, தேய்ந்தவை முன்னதாக இறக்கின்றனவா என்ற மூன்று கேள்விகளுக்கு அது விடை தரக்கூடும். சீஷெல்ஸ் தீவுகளில் ஒன்றான கசின் தீவில் வாழும் சீஷெல்ஸ் கதிர்க்குருவிகளில், குட்டையான டெலோமியர்களும் விரைவான இழப்பும் கொண்ட பறவைகள், வயது எதுவாயினும், இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்ததை 2013இல் வெளியான நீண்டகால ஆய்வு காட்டியது. ஆல்பைன் உழவாரன்களிலும் எஞ்சிய ஆயுளைக் கணிப்பதில் வயதைவிட டெலோமியர் மாற்றம் மேம்பட்டது என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. பெரிய நாணல் கதிர்க்குருவிகளில், வெளியே நோய் தெரியாத அளவுக்கு மெல்லிய நாள்பட்ட மலேரியாத் தொற்றுகூட ஆயுளையும், ஈன்ற குஞ்சுகளின் எண்ணிக்கையையும் குறைத்தது. அந்தப் பாதிப்பு டெலோமியர் தேய்மானத்தின் வழியாக நிகழ்வதாக 2015இல் வெளியான ஆய்வு முன்வைத்தது. சிறு செலவு என்று கருதப்பட்ட ஒரு தொற்று வாழ்நாள் முழுவதும் வட்டியுடன் வசூலிக்கப்படுவதை இந்த அளவீடு இல்லாமல் காண்பது கடினமாக இருந்திருக்கும். இத்துறையின் மீது எனக்கு நம்பிக்கை ஏற்படுத்திய ஆய்வு அதுதான்.

எல்லா இனங்களும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை என்பதையும் திட்டமிடும்போதே மனத்தில் கொள்ள வேண்டும். ஆயுள் நீண்ட இனங்களில் டெலோமியர் மெதுவாகக் குறைவதாகப் பல இனங்களை ஒப்பிட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏறத்தாழ 45 கிராம் எடையே உள்ள, ஆனால் 30 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடிய லீச் புயற்பறவையில், வயது கூடக் கூட டெலோமியர் நீண்டிருப்பதாகவே 2003இல் அறிவிக்கப்பட்டது. நீங்கள் எடுத்துக்கொள்ளும் இனம் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று தெரியாமல், ‘குட்டை என்றால் முதுமை’ என்ற முன்முடிவோடு களத்தில் இறங்க வேண்டாம்.

பறவைக்கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆய்வின் தரத்தை ஆய்வகம் நிர்ணயிப்பதைவிடப் பறவைக்கூட்டம் நிர்ணயிப்பதே அதிகம். மூன்று பண்புகள் தேவை: பெரும்பாலான பறவைகளின் பிறந்த ஆண்டு தெரிந்திருக்க வேண்டும், ஒரே பறவையை மீண்டும் மீண்டும் பிடிக்க வாய்ப்பு இருக்க வேண்டும், ஒரு பறவை காணாமற்போனால் அது இறந்ததா, இடம்பெயர்ந்ததா என்று பிரித்தறிய முடிய வேண்டும். கசின் தீவு இத்துறையில் இவ்வளவு பேசப்படுவதற்குக் காரணம், 29 ஹெக்டேர் பரப்பே உள்ள அத்தீவிலிருந்து கதிர்க்குருவிகள் வேறு தீவுகளுக்குப் பறந்து செல்வது மிக அரிது என்பதே. அங்கே காணாமற்போன பறவை பெரும்பாலும் இறந்த பறவைதான். கூடுப்பெட்டிகளில் இனப்பெருக்கம் செய்யும் இனங்களும், ஆண்டுதோறும் அதே கூட்டிடத்துக்குத் திரும்பும் கடற்பறவைகளும் இதற்கு அடுத்த நல்ல தேர்வுகள். வலசை வழியில் ஒரு முறை மட்டும் பிடிபடும் பறவைகளைக் கொண்டு மூப்பு ஆய்வு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குஞ்சுப் பருவ மாதிரியைத் தவறவிடாதீர்கள். உடல் வேகமாக வளரும் அந்தச் சில வாரங்களில்தான் உயிரணுப் பிரிவு மிகுதி. டெலோமியர் இழப்பும் அப்போதுதான் மிகக் கூடுதல். ஐரோப்பிய நீர்க்காகத்திலும் அலையும் அல்பட்ராஸிலும் இழப்பின் பெரும்பகுதி இளம் பருவத்திலேயே நடந்துவிடுவது 2004இலேயே தெரியவந்தது. ஜாக்டா காகங்களின் கூடுகளில் குஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் செய்த ஆய்வில், குஞ்சின் டெலோமியர் நீளத்தைக் காட்டிலும், கூட்டிலிருந்த நாட்களில் அது எவ்வளவு குறைந்தது என்பதே பின்னாளில் உயிர்பிழைப்பதைக் கணித்தது. எனவே ஒரே குஞ்சிடம், பொரித்த சில நாட்களிலும், கூட்டை விட்டுப் பறப்பதற்குச் சற்று முன்பும் என இரு மாதிரிகள் எடுக்க முடிந்தால், அது முதிர்ந்த பறவையிடம் எடுக்கும் பல மாதிரிகளைவிட அதிகம் சொல்லும். மாதிரி எடுத்த நாளில் குஞ்சின் வயதை நாட்கணக்கில் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் 3 நாள் வேறுபாடுகூட முடிவைத் திரித்துவிடும்.

இரத்தம் எடுத்தல்

பறவை ஆய்வாளருக்கு இயற்கையே ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. பறவைகளின் சிவப்பணுக்களில் உண்டு. ஒரு மைக்ரோலிட்டர் பறவை இரத்தத்தில் ஏறத்தாழ 30 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் 2.5 முதல் 3 பிக்கோகிராம் டிஎன்ஏ இருக்கும் என்று கொண்டால், ஒரு மைக்ரோலிட்டரிலேயே பல மைக்ரோகிராம் டிஎன்ஏ உள்ளது. எனவே 20 முதல் 50 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சிறு துளி, தாராளமாகப் போதும். உடல் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இரத்தம் எடுக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 15 கிராம் பறவைக்கு அது 150 மைக்ரோலிட்டர். அந்த வரம்பை நெருங்க வேண்டிய தேவையே இந்த ஆய்வில் எழாது. உரிய வளையமிடும் உரிமமும், இரத்தம் எடுப்பதற்கான தனி அனுமதியும், தேர்ந்தவரிடம் பெற்ற நேரடிப் பயிற்சியும் இல்லாமல் யாரும் ஊசியைத் தொடக் கூடாது.

பறவையை மல்லாத்திப் பிடித்து, ஒரு சிறகை மெல்ல விரித்தால், முழங்கை மூட்டின் உட்புறத்தைக் கடந்து செல்லும் நீல நிற நாளம் தோலுக்கு அடியில் தெரியும். அதை மறைக்கும் மென்தூவிகளைச் சிறிது ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஓரமாக ஒதுக்க வேண்டும்; பிடுங்கத் தேவையில்லை. 26 அல்லது 27 கேஜ் ஊசியின் நுனியால் நாளத்தை ஒரு முறை மட்டும் குத்தினால் துளி தானாகத் திரண்டு நிற்கும். நுண்குழாயின் வாயைச் சாய்வாக அதில் தொட்டால் இரத்தம் உள்ளே ஏறிவிடும். பிறகு உலர்ந்த பஞ்சை வைத்து, சிறகை மடித்து, இரத்தம் நிற்கும் வரை மென்மையாக அழுத்தியிருக்க வேண்டும். கசிவு முழுமையாக நின்றதை உறுதிசெய்யாமல் பறவையைப் பறக்கவிடக் கூடாது. ஹெப்பரின் பூசிய நுண்குழாய்களைத் தவிர்த்துவிடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின், டிஎன்ஏவைப் படிபெருக்கும் பிசிஆர் வினையைப் பின்னர் தடுக்கும். உறையாமல் வைக்க ஈடிடிஏ பொருத்தமானது.

பாதுகாக்கும் முறையை முதல் நாளே முடிவுசெய்து, ஆய்வு முடியும் வரை மாற்றாமல் கடைப்பிடிப்பது, எந்த முறை சிறந்தது என்ற விவாதத்தைவிட முக்கியமானது. எத்தனாலில் வைத்த இரத்தமும், வடிதாள் அட்டையில் உலர்த்திய இரத்தமும், உறைநிலையில் வைத்த இரத்தமும் ஒரே பறவையிலிருந்து வந்தாலும் வெவ்வேறு டெலோமியர் அளவுகளைத் தரக்கூடும். முதல் ஐந்து ஆண்டுகள் அட்டையிலும் அடுத்த ஐந்து ஆண்டுகள் எத்தனாலிலும் சேமித்தால், பிற்காலப் பறவைகளில் தெரியும் மாற்றம் மூப்பால் வந்ததா, சேமிப்பால் வந்ததா என்று யாராலும் பிரிக்க முடியாது. பிசிஆர் முறை மட்டும் போதுமென்றால் தூய எத்தனாலும் குளிர்பதனமும் போதுமானவை. பின்னால் விளக்கப்படும் டிஆர்எஃப் முறைக்கு உடையாத நீண்ட டிஎன்ஏ தேவை என்பதால், களத்தில் குளிர்ந்த நிலையில் வைத்து, விரைவில் மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் உறையவைக்க வேண்டும். உறைந்த மாதிரியை உருக்கி மறுபடியும் உறையவைப்பது டிஎன்ஏவைத் துண்டாடும். ஆகையால் தொடக்கத்திலேயே சிறு பங்குகளாகப் பிரித்துச் சேமியுங்கள்.

டிஎன்ஏ பிரித்தெடுத்தல்

எத்தனாலில் இரத்தம் கட்டியாகிவிடும். அதிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள துண்டை எடுத்து, எத்தனாலை முற்றிலும் உலரவிட்டு, அதன் பிறகே புரதம் செரிக்கும் நொதிக் கரைசலில் இட வேண்டும். கூடுதலாக எடுத்தால் கூடுதல் டிஎன்ஏ கிடைக்கும் என்று எண்ணிப் பெரிய துண்டை இடுவது வழக்கமான தவறு. பறவை இரத்தத்தில் டிஎன்ஏ மிகுதியாக இருப்பதால் பிரித்தெடுக்கும் சவ்வு அடைபட்டு, புரதமும் உப்பும் கலந்த கரைசலே வெளிவரும். கிடைத்த டிஎன்ஏவை மூன்று விதமாகச் சோதியுங்கள்: 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 முதல் 2.0 வரை இருக்கிறதா, ஒளிர்சாய முறையில் செறிவு எவ்வளவு, அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டால் மேலே ஒரே அடர்ந்த பட்டையாக நிற்கிறதா அல்லது கீழ்நோக்கிக் கறையாக இழுபடுகிறதா. கறையாக இழுபடும் மாதிரி சிதைந்த மாதிரி. எவ்வளவு அரிய பறவையினுடையதாக இருந்தாலும் அதை ஒதுக்கிவிடுவதே சரி. பிரித்தெடுக்கும் முறையும் டெலோமியர் அளவைப் பாதிக்கும் என்பதால், ஒரே தயாரிப்பின் ஒரே நெறிமுறையை ஆய்வு முழுவதும் பயன்படுத்த வேண்டும்.

இரு அளவீட்டு முறைகள்

முதல் முறை, டிஆர்எஃப் எனப்படும் நுனித் துண்டுப் பகுப்பாய்வு. டெலோமியர் தொடரை வெட்டாமல் மற்ற டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாக வெட்டும் நொதிகளைச் செலுத்தி, எஞ்சிய நுனித் துண்டுகளை ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்து, டெலோமியர் தொடரோடு இணையும் குறியிட்ட ஆய்வியால் (சிறு டிஎன்ஏ இழையால்) அவற்றைக் காட்டச் செய்வது. இதில் விடை கிலோபேஸ் (ஆயிரம் டிஎன்ஏ எழுத்துகள்) அளவில், உண்மையான நீளமாகவே கிடைக்கும். துல்லியமும் கூடுதல். ஆனால் உழைப்பும், நல்ல நிலையிலுள்ள டிஎன்ஏவும் அதிகம் தேவை.

பறவைகளில் இம்முறையைக் கையாளும்போது இரு சிக்கல்களை அறிந்திருக்க வேண்டும். குரோமோசோமின் நுனியில் மட்டுமின்றி நடுப்பகுதிகளிலும் இதே ஆறெழுத்துத் தொடர் சிதறிக் கிடக்கிறது. இவை வயதோடு குறைவதில்லை. டிஎன்ஏவின் இரு இழைகளையும் பிரித்துவிட்டு ஆய்வியைச் செலுத்தினால் இந்த இடைத்தொடர்களும் சேர்ந்து கணக்கில் வந்துவிடும். இழைகளைப் பிரிக்காமலேயே ஜெல்லுக்குள் ஆய்வியைச் செலுத்தினால், நுனியில் ஒற்றை இழையாக நீண்டிருக்கும் பகுதியோடு மட்டும் அது இணையும், இடைத்தொடர்கள் விலகிவிடும். பறவைகளுக்கு இதுவே உகந்தது என்பது என் கருத்து. இரண்டாவது சிக்கல், கோழி உள்ளிட்ட பல பறவைகளில் நூற்றுக்கணக்கான கிலோபேஸ் நீளமுள்ள மிக நீண்ட டெலோமியர்களும் உண்டு. சாதாரண ஜெல்லில் இவை மேலேயே தேங்கிவிடும். துடிப்பு மின்புல ஜெல்லில்தான் பிரியும். எந்த நீள எல்லைக்குள் உள்ள துண்டுகளைச் சராசரிக்கு எடுத்துக்கொண்டீர்கள் என்பதை முன்கூட்டியே வரையறுத்து, எல்லா ஜெல்களுக்கும் அதே எல்லையைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, ரிச்சர்ட் காத்தன் 2002இல் மனித டிஎன்ஏவுக்காக வெளியிட்ட கியூபிசிஆர் முறை, அதாவது பெருகும் டிஎன்ஏவின் அளவைக் கணக்கிடும் பிசிஆர். டெலோமியர் தொடரைப் பெருக்கும் வினையையும், ஒரே படி மட்டும் உள்ள ஓர் ஒப்பீட்டு மரபணுவைப் பெருக்கும் வினையையும் நடத்தி, இரண்டின் விகிதத்தைக் கணக்கிடுவது; இதை டி/எஸ் விகிதம் என்பர். 2009இல் ஜீப்ரா ஃபிஞ்ச் பறவைக்கு இது தகவமைக்கப்பட்ட பின், விரைவானது, குறைந்த டிஎன்ஏ போதும் என்ற காரணங்களால் பறவை ஆய்வுகளில் பரவலாகிவிட்டது. விகிதம்தான் கிடைக்கும், நீளம் கிடைக்காது. ஆகவே ஓர் ஆய்வகத்தின் டி/எஸ் மதிப்பை மற்றோர் ஆய்வகத்தின் மதிப்போடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. இடைத்தொடர்களும் இதில் சேர்ந்தே அளக்கப்படுகின்றன. இடைத்தொடர்களின் அளவு பறவைக்குப் பறவை பெரிதும் மாறும் இனங்களில், வெவ்வேறு பறவைகளை ஒப்பிடுவதற்கு இம்முறை தகாது. ஆனால் ஒரே பறவையின் இடைத்தொடர் அதன் வாழ்நாளில் மாறாது என்பதால், அதே பறவையின் இரு வயதுகளை ஒப்பிடுவதற்கு அப்போதும் இதைப் பயன்படுத்தலாம்.

ஒப்பீட்டு மரபணுவைத் தேர்ந்தெடுப்பதில் பறவைகளுக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. பறவைகளில் ஆணுக்கு இரு இசட் குரோமோசோம்கள், பெண்ணுக்கு ஒன்றுதான். தேர்ந்தெடுத்த மரபணு இசட் குரோமோசோமில் அமைந்திருந்தால், ஆணில் அதன் படிகள் இருமடங்காக இருக்கும். எல்லா ஆண்களுக்கும் டெலோமியர் பாதியாகத் தெரியும். எனவே அந்த மரபணு பால் குரோமோசோம் அல்லாததில் இருக்கிறதா, ஒற்றைப் படியாகவே இருக்கிறதா என்று உறுதிசெய்த பின்பே பிரைமரை (அந்தப் பகுதியில் இணைந்து பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டை) வாங்க வேண்டும்.

பிழையை அடக்குதல்

முழு ஆய்வும் கவிழக்கூடிய இடம் இதுதான். ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ இருமடங்காகும் வினையில், 0.15 சுழற்சி வேறுபாடு என்பது ஏறத்தாழ 11 சதவீத வேறுபாடு. ஒரு பறவை ஆண்டுக்கு 5 சதவீதம் இழப்பதாக வைத்துக்கொண்டால், துளி அளக்கும் குழாயியின் நுனியில் ஒட்டியிருந்த சிறு துளியோ, வினைத் தட்டிலுள்ள குழியின் ஓரத்தில் நின்ற குமிழோ அந்தப் பறவையை இரண்டு ஆண்டுகள் மூப்படையச் செய்துவிடும், அல்லது இளமையாக்கிவிடும். பல ஆண்டுக் களப்பணியில் திரட்டிய மாதிரி, ஒரு பிற்பகல் அவசரத்தில் பயனற்றுப்போகும் என்பதால் இந்த வேலையை நிதானமாகச் செய்யுங்கள்.

ஒரே பறவையின் எல்லா மாதிரிகளும் ஒரே தட்டில் அமைய வேண்டும். அந்தத் தட்டுக்குள் அவை எந்தக் குழியில் அமையும் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்ய வேண்டும். இளம் பறவைகளை ஒரு தட்டிலும் முதிர்ந்தவற்றை இன்னொரு தட்டிலும் வைத்தால், தட்டுகளுக்கு இடையிலான வேறுபாடு முழுவதும் வயதின் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு மாதிரியையும் மும்முறை அளக்கவும். ஒவ்வொரு தட்டிலும் அதே ஓர் ஒப்பீட்டு மாதிரியையும், அடுத்தடுத்து நீர்த்த மாதிரிகளால் ஆன தர வளைகோட்டையும், டிஎன்ஏ இல்லாத வெற்றுக் குழியையும் சேர்க்கவும். பெருக்கத் திறனைத் தட்டுதோறும் கணக்கிடுங்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் 2 மடங்கு பெருகுவதாகக் கருதிய வினை உண்மையில் 1.9 மடங்குதான் பெருகியிருந்தால், 20 சுழற்சிகளுக்குப் பின் கணக்கு ஏறத்தாழ 2.8 மடங்கு பிசகும். மாதிரி எந்தப் பறவையினுடையது, எந்த வயது என்பது அளப்பவருக்குத் தெரியாதபடி குறியீட்டு எண்களை மட்டும் வழங்குவதும் நல்லது.

பிழையைக் குறிப்பிடும்போது மாறுபாட்டுக் கெழுவை (சராசரியோடு ஒப்பிட்ட திட்டவிலக்கத்தை) மட்டும் தருவது போதாது. மொத்த வேறுபாட்டில் எத்தனை பங்கு உண்மையில் பறவைகளுக்கு இடையிலானது என்று சொல்லும் மறுநிகழ்திறனைத் தர வேண்டும். கணக்கொன்றைப் பார்ப்போம். பறவைகளுக்கு இடையே டி/எஸ் விகிதத்தின் உண்மையான திட்டவிலக்கம் 0.20 என்றும், அளவீட்டுப் பிழையின் திட்டவிலக்கம் 0.08 என்றும் கொள்வோம். விலக்க வர்க்கச் சராசரிகள் முறையே 0.04, 0.0064, மறுநிகழ்திறன் 0.04-ஐ 0.0464-ஆல் வகுத்தால் கிடைக்கும் 86 சதவீதம். பார்க்க நிறைவாகத்தான் இருக்கிறது. இப்போது அதே பறவைகளில் இரு வயதுகளுக்கு இடையிலான மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். மாற்றத்தின் உண்மையான திட்டவிலக்கம் 0.06 என்றால் அதன் வர்க்கம் 0.0036. ஆனால் ஒரு கழித்தலில் இரு அளவீடுகளின் பிழையும் சேர்வதால் பிழையின் பங்கு 0.0128 ஆகிவிடும். மறுநிகழ்திறன் வெறும் 22 சதவீதம். ஒவ்வொரு மாதிரியையும் தனித்தனித் தட்டுகளில் மும்முறை அளந்து சராசரி எடுத்தால் அது 46 சதவீதமாக உயரும்; அதற்கு மேல் உயர வேண்டுமானால் டிஆர்எஃப் போன்ற துல்லியமான முறைக்குச் செல்ல வேண்டும், அல்லது மாதிரிகளுக்கு இடையிலான காலத்தை நீட்டி உண்மையான மாற்றம் பெரிதாகக் காத்திருக்க வேண்டும். நீளத்தை நன்றாக அளக்கிறோம் என்பதாலேயே மாற்றத்தையும் நன்றாக அளக்கிறோம் என்று கொண்டுவிடுவதுதான் இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் குறை.

கணக்கீடு

வயதோடு டெலோமியர் எப்படி மாறுகிறது என்று பார்க்க, எல்லாப் பறவைகளையும் ஒரே வரைபடத்தில் இட்டுக் கோடு வரைவது போதாது. குட்டையான டெலோமியர் கொண்டவை முன்னதாக இறந்துவிட்டால், மிக முதிர்ந்த வயதில் எஞ்சியிருப்பவை நீளமானவை மட்டுமே. தனிப் பறவை ஒவ்வொன்றும் இழந்துகொண்டே இருந்தாலும், கூட்டத்தின் சராசரி குறையாமலோ உயர்ந்தோகூடத் தோன்றலாம். இதைப் பிரிக்க, வயதை இரு பகுதிகளாக உடையுங்கள். ஒரு பறவையை 1, 3, 5 வயதுகளில் அளந்திருந்தால் அதன் சராசரி வயது 3. விலகல்கள் மைனஸ் 2, 0, 2. கலப்பு விளைவு என்ற புள்ளியியல் மாதிரியுருவில் சராசரி வயதையும் விலகலையும் தனித்தனி மாறிகளாக இட்டு, பறவையின் அடையாளத்தையும் தட்டின் எண்ணையும் தற்செயல் விளைவுகளாகச் சேருங்கள். விலகலின் சாய்வு பறவைக்குள் நிகழும் உண்மையான இழப்பு. சராசரி வயதின் சாய்வு பறவைகளுக்கு இடையிலான வேறுபாடு. இரண்டும் கணிசமாக வேறுபட்டால், தேர்ந்தெடுத்த மறைவு, அதாவது ஒரு வகைப் பறவைகள் மட்டும் முன்னதாக இறந்து விலகுவது, நடந்திருக்கிறது என்பதற்கு அது சான்றாகும். பால், பொரித்த ஆண்டு, மாதிரி சேமிப்பில் இருந்த காலம் ஆகியவற்றையும் இந்த மாதிரியுருவில் சேர்க்க வேண்டும். பொரித்த ஆண்டைச் சேர்க்காவிட்டால், உணவு குறைந்த ஓர் ஆண்டில் பிறந்த தலைமுறையின் குறைபாடு வயதின் விளைவாகத் தோன்றும்.

தொடக்கத்தில் நீண்ட டெலோமியர் கொண்ட பறவைகளே அதிகம் இழக்கின்றன என்ற முடிவு உங்கள் தரவிலும் தவறாமல் தோன்றும். அதைக் கண்டு உடனே மகிழ வேண்டாம். முதல் அளவீட்டில் பிழையால் மிகையாகப் பதிவான பறவை, இரண்டாம் அளவீட்டில் இயல்பான மதிப்புக்குத் திரும்பும்; அது இழப்பாகத் தெரியும். இந்தச் சராசரிக்குத் திரும்பும் போக்கைத் திருத்துவதற்கான சமன்பாடுகள் உள்ளன. மறுநிகழ்திறனைக் கணக்கிட்டு வைத்திருந்தால்தான் அவற்றைப் பயன்படுத்த முடியும். சில பறவைகளில் டெலோமியர் நீண்டதாகக் காணப்படுவதையும் இதே கண்ணோடு பாருங்கள். முதலில் அது பிழையின் எல்லைக்குள் அடங்குகிறதா என்று சோதித்து, அடங்காவிட்டால் மட்டும் உயிரியல் காரணம் தேடுங்கள். பறவைச் சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ ஒரு மாதம்தான் என்பதால், நாம் அளப்பது எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல உயிரணுக்கள் அண்மையில் ஈன்ற அணுக்களை. அவற்றின் கலவை மாறினாலும் அளவு மாறலாம்.

உயிர்பிழைப்போடு இணைத்துப் பார்க்கும்போது, காணப்படாத பறவை இறந்த பறவை என்று கொள்ளாமல், கண்ணில்படும் வாய்ப்பையும் சேர்த்து மதிப்பிடும் பிடி-விடு-மறுபிடி மாதிரியுருக்களைப் பயன்படுத்துங்கள். கூச்சமுள்ள பறவை வலையில் சிக்காது. சிக்காததால் அது இறந்ததாகிவிடாது.

முடிவை எழுதுதல்

டெலோமியர் குறைந்ததால் பறவை இறந்தது என்று எழுத உங்கள் தரவு இடம் தராது. வளர்ப்பிடத்தில் வைத்து, 99 ஜீப்ரா ஃபிஞ்ச்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த ஆய்வில், 25ஆம் நாளில் அளந்த நீளமே ஆயுளோடு மிக வலுவாகத் தொடர்புற்றிருந்தது. அதுவும் தொடர்பைத்தான் காட்டுகிறது. டெலோமியர் குறைவதே உடலைச் சிதைக்கிறதா, வேறு காரணங்களால் உடலில் ஏற்பட்ட சேதத்தின் பதிவாக மட்டும் அது நிற்கிறதா என்பது இன்னும் விவாதத்தில் உள்ளது. இயற்கைச் சூழலில் கண்காணிப்பு ஆய்வால் மட்டும் அதைத் தீர்க்க முடியாது. குஞ்சுகளின் எண்ணிக்கையை மாற்றுவது, தொற்றுக்கு மருந்தளிப்பது போன்ற பரிசோதனைகளை இணைத்தால், எந்தச் சுமை தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது என்பதையாவது உறுதியாகச் சொல்லலாம்.

கட்டுரையில், சேமித்த முறை, சேமித்த காலம், பிரித்தெடுத்த நெறிமுறை, ஒப்பீட்டு மரபணு, தட்டுதோறும் பெருக்கத் திறன், ஒதுக்கப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கையும் காரணமும், நீளத்துக்கும் மாற்றத்துக்கும் தனித்தனியான மறுநிகழ்திறன் ஆகியவை இடம்பெற வேண்டும். மூல அளவீடுகளைத் திருத்தாத வடிவில் பொதுவில் வையுங்கள். பிறருடைய ஆய்வோடு சேர்த்துத் தொகுப்பாய்வு செய்ய அதுவே உதவும். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு பங்கை அளக்காமல் உறைநிலையில் ஒதுக்கிவைத்து, வளைய எண், பிடித்த தேதி, சேமித்த முறை ஆகியவற்றைக் குழாயின் மீதும் பதிவேட்டிலும் எழுதிவையுங்கள். தனித்தனி குரோமோசோமின் டெலோமியரைத் தொடர் முழுவதுமாகப் படிக்கும் நீள்வாசிப்பு முறைகள் இப்போது வளர்ந்துவருகின்றன. இன்று டி/எஸ் விகிதமாக மட்டும் அளந்த அதே பறவையை அவற்றால் மீண்டும் அளக்க அந்தப் பங்கு தேவைப்படும்.